இன்னும் மூவாயிரம்

முதல்முறையாக ஒரு கேமிங் கணினிக்குப் பாகங்கள் தேர்ந்தெடுக்க உட்காருகிற எல்லோரிடமும் ஒரு பட்டியல் இருக்கும். ஸ்ப்ரெட்ஷீட்டாக இருக்கலாம், நோட்டின் கடைசிப் பக்கமாகவும் இருக்கலாம். எட்டு வரிகள்: ப்ராசசர், மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு, பவர் சப்ளை, கேபினட், மானிட்டர். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு விலை, கீழே கூட்டுத்தொகை. எட்டு வரிகளும் அப்படியே இருக்கும். கூட்டுத்தொகை மட்டும் ஒரு இடத்தில் நிற்காது.

2023-இன் தொடக்கத்தில் நான் போட்ட முதல் பட்டியலின் கூட்டுத்தொகை 69,800 ரூபாய். ரைசன் 5 5600 ப்ராசசர், ஆர்எக்ஸ் 6600 கார்டு, 1080பி மானிட்டர் ஒன்று. மூன்று வாரம் கழித்து அதே எட்டு வரிகளின் கீழே 1,19,800 என்று இருந்தது. சரியாக ஐம்பதாயிரம் கூடியிருக்கிறது. இதில் ஒரே ஒரு தாவலில்கூட நான் கண்மூடித்தனமாக நடந்துகொள்ளவில்லை என்பதுதான் வேடிக்கை. கணக்கைப் பாருங்கள். இன்னும் மூவாயிரம் போட்டால் ஒரு படி மேலான கார்டு வருகிறது. மூவாயிரத்துக்கு இவ்வளவு வித்தியாசமா, சரி. அங்கிருந்து ஒன்பதாயிரம் தள்ளினால் 12 ஜிபி மெமரியோடு ஆர்எக்ஸ் 6700 எக்ஸ்டி. அது 230 வாட் குடிக்கும், அதனால் பவர் சப்ளைக்கு இன்னும் இரண்டாயிரம். இவ்வளவு பெரிய கார்டை வாங்கி 1080பி திரையில் மாட்டுவது பாவம், அதனால் 1440பி மானிட்டர், பதினொன்றாயிரம். இந்தக் கார்டுக்கும் திரைக்கும் பழைய சாக்கெட் எதற்கு? புது ஏஎம்5 போர்டு, அதற்கான ப்ராசசர், டிடிஆர்5 ரேம், எல்லாம் சேர்த்து இருபத்திரண்டாயிரம். சூடு கூடுமே, காற்றோட்டமான கேபினட்டுக்கு மூவாயிரம். முடிந்தது.

எந்தப் படியில் என்னை நிறுத்தி "இது தப்புடா" என்று சொல்லியிருப்பீர்கள்? என்னால் ஒரு படியையும் காட்ட முடியவில்லை. ஆனால் முதல் நாளே ஒருவர் வந்து "உன் எழுபதாயிரம் கணினியைக் குடு, ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு வேற ஒண்ணு தரேன்" என்று சொல்லியிருந்தால் சிரித்து அனுப்பியிருப்பேன். படிகள் எல்லாம் நியாயம், ஆனால் ஏறி நிற்கிற இடம் நியாயமில்லை. இது எப்படி?

*

நம்மிடம் இதற்குத் தயாரான பதில் ஒன்று உண்டு. ஆசை. பேராசை பெருநஷ்டம், போதுமென்ற மனம், இத்யாதி. பள்ளிக்கூடச் சுவரில் எழுதி வைத்திருந்ததையே மறுபடி நமக்கு நாமே சொல்லிக்கொள்ளலாம். ஆனால் எனக்கு அந்தப் பதில் போதவில்லை. மூன்று வாரமும் நான் பேராசையில் கொதித்துக்கொண்டிருக்கவில்லை. ரொம்ப அமைதியாக, கிட்டத்தட்ட கணக்காளர் மாதிரி, பணத்துக்கு எது அதிக மதிப்பு என்று ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஆசைப்பட்டவன் கணக்குப் போட மாட்டான் என்று நினைக்கிறோம். இங்கே கணக்கு போட்டதால்தான் தொகை ஏறியது.

கிரேக்கர்களிடம் இதற்கு ஒரு பழைய புதிர் இருக்கிறது. கி.மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த யூபுலிடீஸ் என்பவர் பெயரில் சொல்லப்படுவது. ஒரு மணல்மணி குவியல் இல்லை. குவியல் இல்லாத ஒன்றோடு ஒரு மணியைச் சேர்ப்பதால் அது குவியலாகிவிடாது. அப்படியானால் எத்தனை லட்சம் மணி சேர்த்தாலும் குவியல் வரக்கூடாது. ஆனால் கண்ணுக்கு முன்னால் குவியல் இருக்கிறதே! எந்த மணியில் அது குவியலானது என்று யாராலும் சொல்ல முடியாது.

இதை ஆசையின் பக்கம் திருப்பிக் காட்டியவர் வாரன் க்வின் என்ற அமெரிக்கத் தத்துவவாதி. 1990-இல் வெளிவந்த அவருடைய கட்டுரை ஒன்றில் ஒரு கற்பனை மனிதன் வருகிறான். அவன் உடம்பில் மிகச் சிறிய மின்சாரம் பாய்ச்சுகிற ஒரு கருவி பொருத்தப்படுகிறது. அதில் பூஜ்யத்திலிருந்து ஆயிரம் வரை அளவுகள். பக்கத்துப் பக்கத்து அளவுகளுக்கு இடையே வலியில் வித்தியாசமே தெரியாது. வாரம் ஒருமுறை அவன் ஒரு புள்ளி ஏற்றிக்கொள்ளலாம், ஏற்றினால் பத்தாயிரம் டாலர். ஆனால் ஏற்றியதை இறக்க முடியாது. ஒவ்வொரு வாரமும் அவன் என்ன செய்வான்? ஏற்றுவான். தெரியாத வலிக்குப் பத்தாயிரம் டாலர் யார் வேண்டாம் என்பார்கள்? கடைசியில் தாங்க முடியாத வேதனையில் கோடீஸ்வரனாக உட்கார்ந்திருப்பான். வாங்கிய பணம் மொத்தத்தையும் திருப்பிக் கொடுத்து பூஜ்யத்துக்குப் போகத் துடிப்பான்.

இந்த மனிதனை முட்டாள் என்று ஒதுக்க க்வின் சம்மதிக்கவில்லை. ஒவ்வொரு படியிலும் அவன் தேர்வு சரியாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு படியையும் தனித்தனியாகத் தீர்மானிப்பதுதான் சிக்கல். அப்படியென்றால் தப்பிக்க என்ன வழி? ஏறத் தொடங்கும் முன்பே, முழு ஏணியையும் பார்த்து, நியாயமான ஒரு இடத்தில் நிற்பது என்று முடிவுசெய்ய வேண்டும். அந்த இடத்துக்கு வந்ததும், அடுத்த படி இதைவிட நல்லதாகத் தெரிந்தாலும், நின்றுவிட வேண்டும். அந்தக் கடைசி வாக்கியம்தான் கஷ்டம். நல்லதாகத் தெரிகிற ஒன்றை, நல்லது என்று ஒப்புக்கொண்டே, வேண்டாம் என்று சொல்வது.

*

இங்கே ஒரு எதிர்வாதம் இருக்கிறது. அதைத் தாண்டிப் போனால் நான் உண்மையாக யோசிக்கவில்லை என்று அர்த்தம். மூன்று வாரம் முன்னால் எனக்கு ஒன்றும் தெரியாது. மூன்று வாரத்தில் நிறையத் தெரிந்துகொண்டேன். அறியாமையில் போட்ட முதல் பட்டியலைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் ஒழுக்கமா? அது வெறும் பிடிவாதம் இல்லையா? தெரிந்தவனின் விருப்பம்தானே தெரியாதவனின் விருப்பத்தைவிட உண்மையானது?

இந்த வாதத்தில் பாதி சரி. பவர் சப்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பட்டியலில் அதை ஒரு பெட்டி என்றுதான் நினைத்திருந்தேன். இத்தனை வாட், இவ்வளவு விலை. பெட்டியின் மேலே ஒட்டியிருக்கும் '80 பிளஸ்' முத்திரை தரத்துக்கான சான்று என்ற எண்ணம் வேறு. அது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றித் தருகிறது என்பதை மட்டுமே சொல்கிறது. உள்ளே இருக்கும் கெபாசிட்டர்கள் எப்படிப்பட்டவை, மின்னழுத்தம் எகிறினால் அது மற்ற பாகங்களைக் காப்பாற்றுமா என்பதையெல்லாம் சொல்லாது. இதைத் தெரிந்துகொண்டபோது பவர் சப்ளைக்குக் கூடுதலாகப் பணம் ஒதுக்கினேன். விளையாட்டில் இதனால் ஒரு ஃபிரேம்கூட அதிகம் வராது. வாங்கியவனைத் தவிர யாருக்கும் கண்ணில் படாது. ஆனால் மற்ற ஏழு வரிகளும் இந்த ஒரு வரியை நம்பித்தான் இருக்கின்றன.

6700 எக்ஸ்டி பற்றித் தெரிந்துகொண்டதும் இதே மாதிரியான அறிவுதானா? இல்லை என்று நினைக்கிறேன். கணினி பாதியில் புகைந்துவிடக் கூடாதே என்ற கேள்வி என்னிடம் முதலிலிருந்தே இருந்தது. பவர் சப்ளை பற்றிய அறிவு அதற்குப் பதில் சொன்னது. 1440பி-யில் விளையாட வேண்டும் என்ற கேள்வி என்னிடம் இருக்கவே இல்லை. அந்தக் கார்டுதான் அதைக் கொண்டுவந்து வைத்தது. வைத்துவிட்டு அதற்குப் பதிலாகத் தன்னையே நீட்டியது. சில அறிவு நமக்கு இருக்கும் தேவையைத் தெளிவாக்குகிறது. சில அறிவு தேவையைப் புதிதாக உண்டாக்குகிறது. இரண்டும் வரும்போது ஒரே மாதிரிதான் வருகின்றன: 'அட, இது தெரியாம போச்சே!' அதனால்தான் பிரித்துப் பார்ப்பது சிரமம்.

கணினி கட்டுகிறவர்கள் அடிக்கடி சொல்லும் 'பாட்டில்நெக்' என்ற சொல் இந்தக் குழப்பத்தின் செல்லப்பிள்ளை. ஒரு பாகம் மெதுவாக இருந்தால் மற்றதன் வேகம் வீணாகும் என்பது உண்மைதான். ஆனால் எந்தக் கணினியிலும் ஏதோ ஒரு பாகம் மற்றவற்றைவிட மெதுவாகத்தான் இருக்கும். அதை மாற்றினால் அந்தப் பட்டம் அடுத்ததற்குப் போகும். குறையே இல்லாத சமநிலை என்ற ஒன்றைத் தேடிப் போனால் எட்டு வரிகளும் ஒன்றையொன்று மேலே இழுத்துக்கொண்டே இருக்கும்.

*

என் வீட்டில் இந்தப் பேச்சு வந்தது ஒரு சாயங்காலம். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"எதுக்குடா இது?"

"விளையாடத்தான்மா."

"விளையாடறதுக்கா அவ்ளோ?"

"ஆமா."

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "உன் சம்பளம், உன் இஷ்டம். எவ்ளோ இருந்தா போதும்னு மட்டும் நீயே ஒரு தொகை சொல்லு. அப்புறம் வந்து இன்னும் கொஞ்சம்னு நிக்காத" என்றாள்.

நம் வீடுகளில் இந்த இடத்தில் சொல்லப்படும் வழக்கமான பதில் எல்லோருக்கும் தெரியும். படிப்புக்கு. வீடியோ எடிட்டிங்குக்கு. கோடிங் கத்துக்க. "இது செலவு இல்லம்மா, முதலீடு." நண்பர்கள் பலர் அப்படிச் சொல்லித்தான் வாங்கினார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. விளையாட்டுக்குப் பணம் செலவழிப்பது ஒரு வளர்ந்த ஆள் செய்யக்கூடிய காரியமே இல்லை என்று நினைக்கிற சமூகத்தில், விளையாட்டு வேலையின் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வாசலைத் தாண்ட முடியும்.

ஆனால் அந்தச் சட்டை மாற்றத்தில் ஒரு விஷயம் தொலைந்துபோகிறது. வேலைக்கான கருவி என்று சொல்லிவிட்டால் அதற்கு எல்லையே கிடையாது. இன்னும் வேகமாக இருந்தால் இன்னும் வேலை நடக்கும், இன்னும் சம்பாதிக்கலாம், ஐந்து வருஷத்துக்கு மாற்ற வேண்டியதில்லை. முதலீடு என்ற சொல்லுக்குள் எவ்வளவு பெரிய தொகையையும் மடித்து வைத்துவிடலாம். விளையாட்டு அப்படி இல்லை. டச்சு வரலாற்றாசிரியர் யோஹான் ஹாய்ஸிங்கா 1938-இல் எழுதிய 'ஹோமோ லூடென்ஸ்' என்ற நூலில் விளையாட்டின் இயல்புகளில் ஒன்றாக இதைச் சொல்கிறார்: அது காலத்திலும் இடத்திலும் எல்லை கட்டிக்கொண்டது. தொடங்கும், முடியும். ஆடுகளத்துக்கு ஒரு கோடு உண்டு. வேலை முடித்து வந்து, சாப்பிட்டு, ராத்திரி ஒன்பதரையிலிருந்து பதினொன்றரை வரை. என் விளையாட்டின் அளவு அவ்வளவுதான். 'விளையாடத்தான்' என்று ஒப்புக்கொண்ட அந்த நொடியே அந்த இரண்டு மணி நேரம் ஒரு அளவுகோலாகக் கையில் வந்துவிட்டது. பொய் சொல்லக் கூடாது என்பதற்குப் பல காரணங்கள் உண்டு. நாம் எதற்காகக் கேட்கிறோம் என்று தெரிந்தால்தான் எவ்வளவு கேட்கலாம் என்று தெரியும் என்பதும் அதில் ஒன்று.

அம்மாவிடம் "எழுபதுக்குள்ள முடிச்சிடறேன்" என்றேன். க்வின் சொல்லும் முடிவு நமக்குள் நாமே எடுப்பது. எனக்கு நானே சொல்லிக்கொண்ட எல்லைகளின் கதி எனக்கே தெரியும். இன்னொருவர் காதில் விழுந்த எல்லை வேறு மாதிரி. அது வாக்கு.

*

எல்லை கிடைத்தாயிற்று. அதற்குள் எதை எடுப்பது? அரிஸ்டாட்டில் தன் அறவியல் நூலில், நடுவழி என்பது எல்லோருக்கும் ஒரே அளவு இல்லை என்று விளக்க மைலோ என்ற மல்லனை உதாரணம் காட்டுகிறார். பத்து பங்கு உணவு அதிகம், இரண்டு பங்கு குறைவு என்பதற்காகப் பயிற்சியாளர் எல்லோருக்கும் ஆறு பங்கு எழுதிக்கொடுக்க மாட்டார். அது மைலோவுக்குப் போதாது, புதிதாக வந்த பையனுக்கு அதிகம். நடு என்பது பொருளில் இல்லை, ஆளைப் பொறுத்தது.

ஃபிரேம் கணக்கில் இது ரொம்பத் தெளிவாகத் தெரியும். நொடிக்கு 30 படம் என்றால் ஒரு படம் 33.3 மில்லிசெகண்ட் திரையில் நிற்கும். 60 ஆனால் 16.7. அதாவது கிட்டத்தட்ட 17 மில்லிசெகண்ட் மிச்சம். யார் கண்ணுக்கும் தெரிகிற வித்தியாசம். 60-லிருந்து 144-க்குப் போனால் மிச்சம் 10-க்குச் சற்றுக் குறைவு. 144-லிருந்து 240-க்குப் போனால் மூன்றுகூட இல்லை. விலையோ எதிர்த்திசையில் ஏறும். போட்டிகளில் துப்பாக்கிச் சண்டை ஆடிப் பரிசு வாங்குகிறவருக்கு அந்த மூன்று மில்லிசெகண்ட் முக்கியமாக இருக்கலாம். அவர் மைலோ, அவர் சாப்பிடட்டும். ராத்திரி இரண்டு மணி நேரம் குதிரையில் மலை ஏறி இறங்குகிற எனக்கு?

அதனால் பட்டியலைத் தலைகீழாகப் போட்டேன். கார்டிலிருந்து தொடங்காமல் திரையிலிருந்து தொடங்கினேன். 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 1440பி-யில் 36.9 லட்சம். 4கே-யில் 82.9 லட்சம், அதாவது நான்கு மடங்கு. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கார்டு இத்தனை புள்ளிகளுக்கு வண்ணம் பூச வேண்டும். என் மேசையின் ஆழத்துக்கு 24 அங்குலத் திரை போதும், அந்த அளவுக்கு 1080பி போதும் என்று முடிவானதும் கார்டு தானாக முடிவானது. 132 வாட் எடுக்கிற 6600. கார்டு முடிவானதும் பவர் சப்ளை, ப்ராசசர், எல்லாம் வரிசையாக அடங்கின. தேவையிலிருந்து கீழே இறங்கினால் ஒவ்வொரு பதிலும் அடுத்த கேள்வியைச் சின்னதாக்குகிறது. பொருளிலிருந்து மேலே ஏறினால் ஒவ்வொரு பதிலும் அடுத்த கேள்வியைப் பெரிதாக்குகிறது.

'நாளைக்கும் தாங்கணுமே' என்ற பயம் ஒன்று மிச்சம் இருந்தது. ஃபியூச்சர் ப்ரூஃப். ஐந்து வருஷம் கழித்து நான் என்ன விளையாடுவேன், விளையாடுவேனா, கல்யாணம் ஆகி கைக்குழந்தையோடு உட்கார்ந்திருப்பேனா, எதுவும் எனக்குத் தெரியாது. அந்தத் தெரியாத ஆளுக்காக இன்றைக்கே ஐம்பதாயிரம் கட்டச் சொல்கிறது இந்தப் பயம். பாகம் பாகமாகக் கட்டுவதன் அழகே அவன் வந்த பிறகு அவன் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதானே? ஏஎம்4 சாக்கெட்டில் 2017-இல் முதல் ரைசன் வந்தது. 2022-இல் வந்த 5800எக்ஸ்3டி-யும் அதே சாக்கெட்டில்தான் உட்கார்ந்தது. வருங்காலத்தை மொத்தமாக வாங்கி வைக்க வேண்டியதில்லை. அதற்கு ஒரு வாசலைத் திறந்து வைத்தால் போதும்.

*

கடைசியாக ஒன்று. இதுவரை பேசியதெல்லாம் என் பணம், என் திரை, என் இரண்டு மணி நேரம். ஆனால் பெட்டிக்குள் இருப்பது என்னோடு முடிகிற பொருள் இல்லை. தகரமும் தங்கமும் டாண்டலமும் ஏதோ ஒரு நாட்டின் மண்ணிலிருந்து, யாரோ ஒருவர் கையால் வந்தவை. போகும்போதும் யாரோ ஒருவர் கைக்குத்தான் போகும். 2022-இல் மட்டும் உலகத்தில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன் என்று ஐ.நா. அமைப்புகள் 2024-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வருவது அதில் 22.3 சதவீதம்தான்.

நான் ஒரு கார்டு சின்னதாக வாங்குவதால் அந்த 6.2 கோடி டன்னில் ஒன்றும் குறையப் போவதில்லை. இது உண்மை. ஆனால் இந்த வாக்கியத்தை எங்கேயோ ஏற்கெனவே கேட்டிருக்கிறோம் இல்லையா? ஒரு மணி சேர்ப்பதால் குவியலாகிவிடாது. இன்னும் மூவாயிரத்தில் என்ன ஆகிவிடப் போகிறது. ஒரு புள்ளி ஏற்றினால் வலி தெரியாது. என் பட்டியலில் ஐம்பதாயிரத்தைச் சேர்த்த அதே வாதம்தான் ஊருக்கு வெளியே குப்பைமேட்டையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. புதிர் சொன்ன கிரேக்கருக்கு மணல் ஒரு உதாரணம் மட்டுமே. நமக்கு அந்தக் குவியல் நிஜமாகவே கண்ணுக்கு முன்னால் இருக்கிறது.

'அப்ப ஏன் எழுபதாயிரம்? ஏன் எழுபத்திரண்டு கூடாது? ஏன் அறுபது கூடாது?' என்று நண்பன் ஒருவன் கேட்டான். நேர்மையான பதில், காரணம் இல்லை. வாக்களிக்கும் வயதை 1989-இல் 21-லிருந்து 18 ஆக்கினோம். பதினேழு வருஷம் முந்நூற்று அறுபத்து நாலு நாள் ஆனவனுக்கும் அடுத்த நாள் பதினெட்டு முடிக்கிறவனுக்கும் அறிவில் ஒரு வித்தியாசமும் கிடையாது. கோடு இந்த இடத்தில்தான் விழ வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஏதாவது ஒரு இடத்தில் விழுந்தாக வேண்டும் என்பதுதான் கட்டாயம். கோடு சரியான இடத்தில் இல்லை என்பது அதைத் தாண்டுவதற்குக் காரணமானால், உலகத்தில் எந்தக் கோடும் மிஞ்சாது.

ரிச்சி தெருவில் பாகங்கள் வாங்கப் போன அன்று, பவர் சப்ளைக்குக் கூட்டிய 1,800 ரூபாயை கேபினட்டில் குறைத்துக்கொண்டேன். கண்ணாடிக் கதவும் கலர் விளக்கும் இல்லாத ஒரு கறுப்புப் பெட்டி. கடைக்கார அண்ணன் கெட்டவர் இல்லை. நிஜமாகவே எனக்கு நல்லது செய்கிற முகத்தோடுதான் சொன்னார்: "தம்பி, இன்னும் ஒரு மூவாயிரம் போட்டீங்கன்னா அடுத்த கார்டே எடுத்துரலாம். அது இதைவிட நல்லா இருக்கும்."

"நல்லாத்தான் இருக்கும்ணே" என்றேன். "இதுவே போடுங்க."